ஆயில் விளக்கும் மஞ்சள் ஸ்டிக்கரும்

விசாரித்து வாங்குபவர் என்றொரு இனம் உண்டு. அவரைத் தேடிக்கொண்டு எங்கும் அலைய வேண்டாம். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். ஐப்பசியில் முதல் தூறல் விழும்போது குடை வாங்க வேண்டும் என்று முடிவெடுப்பார். கம்பி இரும்பா அலுமினியமா, துணி ஒற்றையா இரட்டையா, எதிர்காற்றில் மடங்கினால் மறுபடி நிமிருமா என்று கடை கடையாகக் கேட்டு, கைப்பேசியில் தேடி, வழியில் குடையோடு போகிறவர்களையெல்லாம் நிறுத்தி விசாரித்து, ஊரிலேயே உயர்ந்த குடை ஒன்றைத் தை மாதத்தில் வாங்கி வருவார். நனைந்து வந்த சளி அப்போதும் அவருக்குத் தீர்ந்திருக்காது. ஆனால் குடை நல்ல குடை. அதில் நீங்கள் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனுக்குப் பொருள் வாங்க மனம் வராது. இவருக்கு வாங்க ஆசை உண்டு, கையில் பணமும் உண்டு. வாங்கிவிட்டால் விசாரணை முடிந்துபோகிறதே என்பதுதான் இவருடைய வருத்தம். சோம்பேறி என்றும் சொல்ல முடியாது. ஒரு குக்கர் கேஸ்கட்டுக்காக இவர் படும் பாட்டைப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூடப் படமாட்டார்கள். நல்ல பொருள் என்று நூறு பேர் எழுதியிருந்தால் அதைத் தாண்டிப் போய், மோசம் என்று ஒருவர் எழுதியதை முதலில் படிப்பார். படித்துவிட்டு, "பாத்தியா, நல்ல வேள வாங்கல" என்பார். அந்தப் பெருமூச்சில் இருக்கிற நிம்மதியை நீங்கள் பார்க்க வேண்டும்.

இந்த இனத்தின் குறையில்லாத மாதிரி ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. பெயர் இம்மானுவேல். சிப்காட்டில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பம்பு கொடுக்கும் அழுத்தத்தைக் கேஜ் வைத்து அளந்து, சரி என்றால் பச்சைச் சீட்டும் தவறு என்றால் சிவப்புச் சீட்டும் கட்டுவது அவர் பொறுப்பு. ஒரு காலத்தில் கேஜ் ஒன்று கோளாறாகக் காட்டப் போய், நல்ல பம்புகள் ஒரு லாரி நிறையக் கழிவுக்குப் போய்விட்டன. அன்றிலிருந்து அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் வந்தது. அளவு இடித்தால் பம்பைச் சந்தேகப்படாதே, முதலில் கேஜைச் சந்தேகப்படு. சந்தேகம் வந்த கேஜின் முகத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். "சரிபார்ப்பில் உள்ளது. பயன்படுத்தக் கூடாது" என்று அதில் அச்சிட்டிருக்கும். அது ஒட்டியிருக்கும் வரை அந்த முள் எதைக் காட்டினாலும் தொழிற்சாலையில் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. நல்ல வழக்கம்தான். தொழிற்சாலை வாசலோடு அது நின்றிருந்தால் நமக்குக் கதையே இல்லை.

இம்மானுவேலிடம் ஒரு வெள்ளைக் கார் உண்டு. பழையது, சிறியது. வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவதால் கார் பெரும்பாலும் வீட்டு வாசலில் வேப்பிலை பொறுக்கிக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், எப்போதாவது சோழவரத்தில் இருக்கிற மாமியார் வீட்டுக்கும் அது போய்வரும். அப்படி ஒரு நாள் திரும்பி வரும்போதுதான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஷைனி டேஷ்போர்டில் ஒரு சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"இன்னாங்க அது, கெண்டி மாதிரி ஒன்னு செவப்பா எரிஞ்சிக்கினு கீது?"

அது ஆயில் விளக்கு. என்ஜினுக்குள் ஆயிலின் அழுத்தம் குறைந்தால் எரியும். அழுத்தம் குறைந்திருக்கிறது என்று அதற்குச் சொல்வது, என்ஜினில் முடுக்கியிருக்கும் கட்டைவிரல் அளவுச் சென்சார். ஆகவே விளக்கு எரிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உள்ளே ஆயில் குறைந்திருக்கும். மற்றொன்று, சென்சார் பொய் சொல்லும். நீங்களும் நானும் என்ன செய்வோம்? பானெட்டைத் திறந்து, அதற்கென்றே வளையம் வைத்துச் செருகியிருக்கிற கம்பியை உருவி, ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். பல் துலக்கும் நேரம்கூட ஆகாது. இம்மானுவேலுக்கோ ஆயில் மாற்றிய ஞாபகம் பசுமையாக இருந்தது. ஞாபகம் இருப்பதை விசாரிப்பானேன்? விளக்கைப் பார்த்ததுமே அவர் தலையை ஆட்டி, சென்சார் போய்விட்டது என்றார். சொன்னபோது முகத்தில் ஒரு களை வந்ததை ஷைனி கவனித்தாள். புதிதாக ஒன்று வாங்க வேண்டும். அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டும்.

சாதாரண நாளாக இருந்திருந்தால் விசாரணை ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஷைனியின் தங்கை ஏஞ்சலுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை ராபின் சிப்காட்டிலேயே வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன். பெண்ணை அழைத்துவரப் பெரிய கார், பூ அலங்காரத்தோடு அனுப்புகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். ஏஞ்சல் வேண்டாம் என்றுவிட்டாள். எங்கள் மாமா வண்டியில்தான் கோயிலுக்கு வருவேன் என்றாள். அந்த வண்டியில்தான் அவள் நர்சிங் கல்லூரிக்கு முதல் நாள் போனாள். பழைய கார் பந்தயத் திடல் பக்கத்துச் சாலையில் அந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அப்போது அவள் ஒரு புளியமரத்தில் மோதி முன்பக்கத்தை நசுக்கியதற்கு, மரம் கொஞ்சம் தள்ளி இருந்திருக்க வேண்டும் என்று இம்மானுவேல் தீர்ப்புச் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட மாமா. அவளுக்காகப் பூட்டப் போகிற சென்சார் ஏதோ ஒரு சென்சாராக இருக்கலாமா?

தொடங்கியது விசாரணை. காரைச் செய்த கம்பெனியின் பெட்டியில் வருவது ஒரு வகை. அந்தக் கம்பெனிக்கே செய்து கொடுக்கிறவர் தன் சொந்தப் பெட்டியில் போட்டு விற்பது இரண்டாவது வகை. அதைப் பார்த்து வேறு யாரோ செய்து, பார்க்க அதே மாதிரி பெட்டியில் போட்டு விற்பது மூன்றாவது. பெட்டியே இல்லாமல் காகிதத்தில் மடித்துத் தருவது நான்காவது. முதல் வகையும் இரண்டாவது வகையும் ஒரே உலையில் பிறந்தவை என்றால் முதல் வகையை ஏன் வாங்க வேண்டும்? ஒரே உலைதான் என்பதற்கு ஆதாரம் என்ன? மரை எத்தனை மில்லி, எந்த அழுத்தத்தில் விளக்கு அணைய வேண்டும், வாஷர் செம்பா அலுமினியமா, பின்னால் வயர் மாட்டும் ஊசி வட்டமா தட்டையா? கேன்டீனில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருக்கும், இவர் கைப்பேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் புரியாத மொழியில் பேசியபடி சென்சாரை ரம்பத்தால் அறுத்துக் குடலை வெளியே எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பார். இவர் ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்பார்.

விற்பனைப் பக்கத்தில், இது என் வண்டிக்குப் பொருந்துமா என்று கேள்வி போட்டார். தெரியாது, நான் என் மச்சானுக்கு வாங்கினேன் என்று ஒரு புண்ணியவான் பதில் எழுதியிருந்தார். நம்மவர் அயரவில்லை. மச்சான் என்ன வண்டி வைத்திருக்கிறார் என்று கேட்டு அடுத்த கேள்வியைப் போட்டார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் சடையப்பனைக் கேளுங்கள் என்று ஷைனி தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இம்மானுவேல் போய்க் கேட்டார். கேட்டார் என்றால் வண்டியை எடுத்துப் போகவில்லை, கேள்விகளை எடுத்துப் போனார். சடையப்பன் ஒரு லோடு வண்டியின் அடியில் படுத்திருந்தார். பாதிக் கேள்வி முடிவதற்குள் அடியிலிருந்து குரல் வந்தது.

"வண்டிய ஒருக்கா கொணாந்து வுடுங்க சார், பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்பது ஒரு பதிலா? எந்த அழுத்தத்தில், எந்த வாஷரோடு பாத்துக்கலாம்? இம்மானுவேல் வருத்தத்தோடு வீடு திரும்பினார். இந்த நாட்டில் தரம் ஏன் வளரவில்லை என்று அன்று ஷைனிக்கு நாஷ்டா நேரம் முழுக்க விளக்கினார்.

பிறகு லீவு போட்டு, மின்சார ரயில் ஏறி, சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனார். உதிரிபாகக் கடைக்காரர்கள் எல்லா விதமான மனிதர்களையும் பார்த்தவர்கள். ஆனாலும் சென்சாரைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிற ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். நாலாவது கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். ஆறாவது கடைக்காரர், சார் இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்களே, நீங்களே ஒன்று செய்துகொள்ளலாமே என்று மரியாதையாகக் கேட்டார். மாலையில் ஒரு சென்சாரோடு வீடு வந்து சேர்ந்த இம்மானுவேல், காரின் கீழே சாக்கு விரித்துப் படுத்துப் பழையதைக் கழற்றினார். கழற்றிய இடத்தில் கொஞ்சம் ஆயில் வழிந்தது. துணியால் துடைத்துவிட்டுப் புதியதை முடுக்கி என்ஜினைப் போட்டார்.

விளக்கு எரிந்தது.

டூப்ளிகேட் என்றார். பெட்டியில் எழுத்து லேசாகக் கோணியிருந்ததாம், அப்போதே தோன்றியதாம். அடுத்து, மினுமினுக்கும் முத்திரை ஒட்டிய பெட்டியில் இரண்டாவது சென்சார் வந்தது. மறுபடி சாக்கு, மறுபடி கொஞ்சம் ஆயில், மறுபடி துணி. விளக்கு எரிந்தது. வரும் வழியில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்றார். மூன்றாவதைக் காரைச் செய்த கம்பெனியின் டீலரிடமே, ரசீதோடு வாங்கினார். அதற்கும் சாக்கு விரித்தார், அதற்கும் ஆயில் வழிந்தது, அதற்கும் விளக்கு எரிந்தது. இப்போது வாசலில் சிமெண்ட் தரையெல்லாம் கறுத்துக் கிடந்தது. வீட்டில் பழைய துணி தீர்ந்துபோய் ஷைனியின் நல்ல துணிக்கு ஆபத்து வந்தது.

"கல்யாணம் பக்கத்துல வந்துக்கினு கீதுங்க. பேஜாரு பண்ணாம சடையப்பன் கைல வுட்டுடுங்க" என்றாள் ஷைனி.

"அவசரப்படாத. ஒரு தபா வெரிஃபை பண்ணிக்கறேன்" என்றார் இம்மானுவேல்.

என்ன செய்தார் தெரியுமா? மூன்று சென்சார்களையும் கைக்குட்டையில் முடிந்து தொழிற்சாலைக்கு எடுத்துப் போனார். சாப்பாட்டு நேரத்தில் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதனை மேசையில் மாட்டி அழுத்தம் கொடுத்துப் பார்த்தார். மூன்றும் எந்த அழுத்தத்தில் அணைய வேண்டுமோ அங்கே அணைந்தன, எங்கே எரிய வேண்டுமோ அங்கே எரிந்தன. மூன்றும் சொக்கத்தங்கம். கோணல் எழுத்துப் பெட்டியில் வந்ததுகூட.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நெற்றியில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருப்பார்கள். இம்மானுவேல் நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று சென்சார்களும் சரி என்று சொல்வது எது? மேசையில் இருக்கிற கேஜ். அந்தக் கேஜ் சரி என்று யார் சொன்னது? மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்துக் கேஜின் முகத்தில் ஒட்டி, அதைச் சரிபார்க்க அனுப்பிவைத்தார். மேசை காலியாகக் கிடந்ததால் பம்பு உற்பத்திக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். கேஜ் திரும்பி வந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை. டீலர் சென்சாரையே காரில் திரும்பப் பூட்டினார். விளக்கு எரிந்தது.

சென்சார் சரி, கேஜும் சரி. அப்படியானால் விளக்கு ஏன் எரிகிறது? நீங்கள் இப்போது சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. இம்மானுவேலுக்குக் கேட்கவில்லையே. விளக்குதான் தவறு என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். டேஷ்போர்டுக்குள் எங்கோ வயர் உரசுகிறது. கல்யாணம் முடிந்ததும் அதை விசாரிக்கலாம். அதுவரை சந்தேகத்துக்குரிய ஒரு கருவியை என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு உறக்கத்திலும் தெரியும். கல்யாணத்தன்று காலையில் காருக்கு மல்லிகைச் சரமும் ரிப்பனும் கட்டிவிட்டு, கடைசியாக டேஷ்போர்டில் ஆயில் விளக்கின் மேல் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை, சுருக்கமில்லாமல், நேராக ஒட்டினார். அந்த நிமிடத்திலிருந்து அவர் மனச்சாட்சி சுத்தமாகிவிட்டது. சரிபார்ப்பில் உள்ளது, பயன்படுத்தக் கூடாது.

சோழவரத்தில் ஏஞ்சல் வெள்ளைப் புடவையும் தலையில் நெட் முக்காடுமாக வாசலுக்கு வந்து, காரைப் பார்த்துச் சிரித்தாள். நசுங்கிய முன்பக்கத்தின் மேல் மாமா ஒரு ரோஜாப்பூவை வைத்து மறைத்திருந்தார். பின்சீட்டில் ஏஞ்சலும் அவள் அம்மா ஆரோக்கியமேரியும், முன்சீட்டில் ஷைனி. உறவுக்காரர்களுக்காக ஒரு பஸ் பேசியிருந்தார்கள். வார நாட்களில் சிப்காட்டுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகிற பஸ். அதன் டிரைவர் அரசப்பன் காருக்குப் பின்னாலேயே வந்தார். கோயில் மணவாள நகரில். செங்குன்றம் தாண்டித் திருவள்ளூர் சாலையில் திரும்பியதும், ஏஸி போட்டு, வேகத்தைக் கூட்டினார் இம்மானுவேல்.

கொஞ்ச தூரத்தில் என்ஜினுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம் எழுந்தது. அது என்ன சத்தம் என்று ஆரோக்கியமேரி கேட்டார். ரோடு சரியில்லை என்றார் மருமகன். ரோடு அண்மையில்தான் புதிதாகப் போட்டது. தட்டுவது இடிப்பதாக மாறியது. பின்னால் வருகிற பஸ்ஸின் சத்தம் என்றார். தாமரைப்பாக்கம் கூட்டுரோட்டுக்கு முன்னால், நெல்வயல் இரண்டு பக்கமும் காற்றில் அசைந்துகொண்டிருந்த இடத்தில், கார் ஒரு முறை உலுக்கி, ஒரு முனகல் முனகி, நின்றுபோனது. சாவியைத் திருப்பினால் உள்ளே ஒரு அசைவும் இல்லை. டேஷ்போர்டில் மட்டும் மஞ்சள் ஸ்டிக்கரின் ஓரம் சிவந்து தெரிந்தது.

ஏஞ்சல் முன்னால் எட்டி, மருதாணி போட்ட விரலால் ஸ்டிக்கரை உரித்தாள்.

"மாமா, இது எரிஞ்சிக்கினு கீதே."

"அத்த நம்பக் கூடாதும்மா. அது வெரிஃபிகேஷன்ல கீது."

"செரி. ஆயில் கீதா?"

வாஷர் முதல் வெள்ளைக்காரர் வரை எல்லாவற்றையும் விசாரித்திருந்தார் இம்மானுவேல். இதை விசாரிக்கவில்லை. கீழே இறங்கி, பானெட்டைத் திறந்து, சென்சாருக்கு ஒரு சாண் தள்ளி இத்தனை காலமும் பொறுமையாக நின்றிருந்த அந்தக் கம்பியை உருவினார். கைக்குட்டையால் துடைத்துச் செருகி மறுபடி உருவினார். நுனியில் ஈரமே இல்லை. பழக்கத்தால் இன்னொரு முறை துடைத்தார், இன்னொரு முறை செருகினார். பஸ்ஸிலிருந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து சுற்றி நின்று அந்தக் கம்பியைப் பார்த்தார்கள். அவர் அதைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போதும் மாமா" என்றாள் ஏஞ்சல்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உன்ன நல்லபடியா கொண்டுபோய்ச் சேக்கணும்னுதாம்மா இவ்ளோவும் பாத்தேன்."

"தெரியும் மாமா. அதான் அவுங்க கார வேணாம்னேன். வா, பஸ்ஸுல ஏறு."

அப்படித்தான் ஏஞ்சல் கோயிலுக்குப் போனாள். 'பணியாளர்கள்' என்று எழுதிய பஸ்ஸில், நெட் படியில் சிக்காமல் ஷைனி தூக்கிப் பிடிக்க, ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்து போனாள். கோயில் வாசலில் பஸ் நின்றபோது மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் ஈயாடவில்லை. ராபின் மட்டும் வாய்விட்டுச் சிரித்தான். அவன் தினமும் அரசப்பன் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறான். ஏஞ்சல் இறங்கி வந்த சீட்டில்தான் காலை ஷிப்டுக்குப் போகும் வழி முழுக்கக் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவானாம். பாதர் கோபித்துக்கொள்ளாமல் காத்திருந்தார். தாலி கட்டுகிற நேரத்தில் அழுதவர்களில் இம்மானுவேல்தான் அதிகம் அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் ஷைனி, ஏஞ்சல் உரித்துக் கொடுத்த மஞ்சள் ஸ்டிக்கரைக் கைப்பையிலிருந்து எடுத்து, கணவரின் கைப்பேசித் திரையில், சுருக்கமில்லாமல், நேராக ஒட்டினாள்.

கார் இப்போது சடையப்பன் பட்டறையில், என்ஜின் பிரிந்து கிடக்கிறது. வேலை முடிந்ததும் ஊற்ற நல்ல ஆயிலாக ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள் சார் என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். நல்ல ஆயில் என்றால் எது? முழு சிந்தெடிக்கா, பாதியா? டப்பா மூடியில் முத்திரை எந்தப் பக்கம் இருந்தால் ஒரிஜினல்? இம்மானுவேல் நேற்று மாலையிலிருந்து ஷைனியின் கைப்பேசியை இரவல் வாங்கி வைத்திருக்கிறார்.

நன்றாகச் சிரித்திருப்பீர்கள். உங்கள் தெருக்காரர் ஒருவரின் முகமும் உங்கள் அண்ணன் ஒருவரின் முகமும் நடுவில் வந்துபோயிருக்கும். இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, எங்காவது ஓரிடத்தில், அதெல்லாம் சரி, அந்த மூன்று சென்சாரில் எது நல்லது, பெயரைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் மேற்கொண்டு யோசிக்காதீர்கள். கீழே இறங்கிப் போய், பானெட்டைத் திறந்து, அந்த வளையம் வைத்த கம்பியை உருவிப் பாருங்கள். போகும்போது கைப்பேசியை மேலேயே வைத்துவிட்டுப் போங்கள்.